கேட்காமலே வரும் ஒரு குவளைத் தண்ணீர்: விமான நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

நெடுந்தூர விமானங்களில் எதை, எப்போது, யாருக்குப் பரிமாறுவது என்று முடிவெடுக்கிறவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் முகம் எனக்குத் தெரியாது. விமானத்தில் என் இருக்கை அருகே வந்து நிற்கும் பணியாளரைத்தான் தெரியும். அவர் கையிலுள்ள தட்டில் எத்தனை குவளை, அந்தத் தட்டு எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை வரும், விளக்கை அணைத்த பிறகு வருமா வராதா என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதிவைத்தவர்கள் நீங்கள். அவருக்கு இருப்பது இரண்டு கை. மாற்றுகிற அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது. அதனால் இந்த மடல் உங்களுக்கு.

போன வருடம் என் அம்மா முதல் தடவையாகத் தனியாக நெடுந்தூர விமானம் ஏறினார். வயது 68. ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார். அதில் ஒன்று சிறுநீரைக் கூட்டும் வகை. பயணம் 13 மணி நேரம், இரவு விமானம். மூன்று பேர் உட்காரும் வரிசையில் ஜன்னலோர இருக்கை. மேகத்தைப் பார்த்துக்கொண்டு வரட்டும் என்று அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது நான்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

இறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது, காலைச் சிற்றுண்டிக்காக எல்லோரும் விழித்துக்கொண்ட பிறகு, அம்மா கழிவறைக்குப் போக எழுந்திருக்கிறார். நடைபாதையில் நாலு எட்டு வைப்பதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்து அப்படியே சரிந்துவிட்டார். நல்லவேளையாகத் தலை எதிலும் இடிக்கவில்லை. பணியாளர்கள் ஓடிவந்து படுக்கவைத்து, காலைத் தூக்கிப் பிடித்து, ஆக்சிஜன் கொடுத்திருக்கிறார்கள். பயணிகளில் ஒருவர் மருத்துவர். நாடி பார்த்து, அம்மா நினைவு தெளிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்க வைத்திருக்கிறார். “உடம்பில் நீர் குறைந்துபோயிருக்கிறது, பயப்பட வேண்டாம்” என்று சொன்னாராம். அந்த மருத்துவருக்கும் அந்தப் பணியாளர்களுக்கும் நான் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன். என் குறை அவர்கள் மேல் இல்லை.

வீட்டுக்கு வந்து படுக்கவைத்த பிறகு, வழியெல்லாம் என்ன குடித்தீர்கள் என்று கேட்டேன். இரவுச் சாப்பாட்டோடு வந்த மூடி ஒட்டிய சின்னக் குவளைத் தண்ணீர். அரைக் கோப்பை தேநீர். அவ்வளவுதான். வீட்டில் ஏழெட்டு டம்ளர் குடிக்கிறவர்.

“தாகமா இல்லையாம்மா?”

“வாய் காஞ்சுதான் கெடந்தது. ஆனா குடிச்சா எந்திரிக்கணும். பக்கத்துல ரெண்டு புள்ளைங்க அசந்து தூங்குதுங்க. எப்படி எழுப்புறது?”

“கூப்பிடுற பட்டன் இருக்குமே, அதை அழுத்தியிருக்கலாமே?”

“அதை அழுத்தினா டிங்குனு சத்தம் வருது. ஒருத்தர் அழுத்தினப்பவே நாலு பேர் முழிச்சுப் பாத்தாங்க. ஒரு வாய் தண்ணிக்காக அவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணணுமா?”

இந்த மூன்று பதிலையும் நான் பல மாதமாக மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு விவரம் தெரியாமல் இல்லை. அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று வளர்ந்தவர். அந்த நல்ல குணமே அவரை நடைபாதையில் விழவைத்தது. உங்கள் ஏற்பாட்டில், தண்ணீர் வேண்டுமென்றால் கேட்டாக வேண்டும். கேட்கத் தயங்குகிறவர்களுக்கு அது கிடைப்பதில்லை. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

இதை எழுத உட்காரும்போது, குற்றவாளி விமானத்தின் வறண்ட காற்றுதான் என்று உறுதியாக நம்பியிருந்தேன். அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். தேடிப் படித்ததில் விஷயம் வேறு மாதிரி இருந்தது. அதை மறைக்காமல் சொல்வதுதான் முறை.

காற்று வறண்டது என்பதில் சந்தேகமில்லை. 35,000 அடிக்கு மேல் வெளியே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்தக் குளிரில் காற்றில் நீராவி என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சுவதில்லை. அந்தக் காற்றைத்தான் அழுத்தி, பதப்படுத்தி உள்ளே விடுகிறார்கள். உள்ளே சுற்றும் காற்றில் ஏறக்குறைய பாதி, வடிகட்டி மறுபடி அனுப்பப்படுவது. ஆக, கேபினுக்குள் இருக்கும் ஈரத்தில் பெரும்பகுதி பயணிகளின் மூச்சிலிருந்தும் தோலிலிருந்தும் வந்ததுதான். ஈரப்பதம் பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்குக் கீழேயே நிற்கும். வீட்டில் அது சாதாரணமாக 30-க்கு மேல் இருக்கும். ஆட்கள் குறைவாக, இடம் அதிகமாக உள்ள முதல் வகுப்பில் வறட்சி இன்னும் கூடுதல். அலுமினிய உடல் கொண்ட விமானங்களில் ஈரம் தங்கினால் உலோகத்தில் அரிப்பு வரும் என்பதால் ஈரத்தை விருப்பம்போல் கூட்டவும் முடியாது. கார்பன் கலவை உடலோடு 2011-இல் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 787 போன்றவற்றில் அந்தக் கவலை குறைவு; உள்ளிருக்கும் அழுத்தமும் 8,000 அடி உயரத்துக்கு நிகராக இறங்காமல் 6,000 அடி அளவிலேயே நிற்கிறது. அம்மா போனது பழைய வகை விமானம்.

ஆனால் உலக சுகாதார நிறுவனம் பயணிகளுக்காக வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு வரி இருக்கிறது. இந்த வறட்சியால் தோலும் கண்ணும் மூக்கும் வாயும் காய்ந்து சங்கடப்படலாம். ஆனால் உடலின் உள்ளே இருக்கும் நீர் வற்றிப்போகிறது என்பதற்குச் சான்று இல்லை, வழக்கத்தைவிட அதிகமாகக் குடிக்க வேண்டிய தேவையும் இல்லை என்பது அதன் சாரம். படித்ததும் எனக்கு ஒரு நிமிடம் கோபம்கூட வந்தது. அப்படியானால் என் அம்மா ஏன் விழுந்தார்?

மறுபடி படித்தேன். வழக்கத்தைவிட அதிகம் வேண்டாம் என்கிறது அந்த வரி. வழக்கமான அளவு வேண்டும் அல்லவா? எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலே தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் அளவில் நீர் போகிறது. சிறுநீர் அதற்கு மேல். விமான நிலையத்துக்குக் கிளம்பிய நேரத்தையும் சேர்த்தால் 13 மணி நேரப் பயணம் எளிதாக 18, 20 மணி நேரம் ஆகிவிடும். அந்த முழு நேரத்துக்கும் அம்மா குடித்தது வழக்கத்தில் கால் பங்கு இருக்குமா தெரியாது. காற்று அவரிடமிருந்து எடுத்தது கொஞ்சம்தான். அவருக்குப் போய்ச் சேராத தண்ணீர்தான் அதிகம். காற்றை மாற்ற உங்களால் முடியாது என்றால் நான் ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் போய்ச் சேருவதை உங்களால் மாற்ற முடியும்.

ஒரு சாதாரணப் பயணி எப்படிக் குடிக்காமல் போகிறார் என்று கொஞ்சம் கூடவே நடந்து பாருங்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே, வழியில் கழிவறை கிடைக்குமோ என்னவோ என்று பலர் தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். மாத்திரை சாப்பிடுகிற வயதானவர்கள் இதில் ரொம்பவே உஷார். கையில் கொண்டுவந்த பாட்டில் பாதுகாப்புச் சோதனையில் காலியாகிவிடும். 2006-இல் திரவ வெடிபொருள் சதி ஒன்று அம்பலமானதிலிருந்து 100 மில்லிலிட்டர் வரம்பு உலகின் பல விமான நிலையங்களில் நடப்புக்கு வந்தது. காலி பாட்டிலை உள்ளே கொண்டுபோகலாம் என்பது பலருக்குத் தெரியாது. குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போகிறார்கள். அடுத்து வாயிலில் வரிசை, பிறகு இருக்கை, பிறகு விமானம் நகரக் காத்திருப்பு. மேலேறி, பெல்ட் விளக்கு அணைந்து, வண்டி தள்ளிக்கொண்டு வருவதற்குள் கடைசியாகக் குடித்து மூன்று மணி நேரம் ஆகியிருக்கும்.

அந்த வண்டியில் வருவது ஒரு சின்னக் குவளை. சாப்பாட்டிலோ உப்பு கூடுதல். அந்த உயரத்து அழுத்தத்திலும் வறட்சியிலும் மூக்கும் நாக்கும் மந்தமாகிவிடுவதால் உப்பும் இனிப்பும் குறைவாகத் தெரிகின்றன. ருசி எட்டவேண்டும் என்று சமையலில் கூட்டுகிறார்கள். அந்த உப்புக்கு ஈடாகத் தண்ணீர் கூடுவதில்லை. மது மட்டும் கேட்காமலே ஒன்றுக்கு இரண்டு தடவை வருகிறது. மது சிறுநீரைக் கூட்டும். போதாததற்கு, ஜெர்மனியில் ஆய்வுக்கூடத்தில் கேபின் அழுத்தத்தை உருவாக்கி, மது குடித்துவிட்டுத் தூங்கியவர்களைக் கவனித்த ஆய்வு ஒன்று 2024-இல் வெளியானது. நாற்பது வயது வரையிலான ஆரோக்கியமானவர்களிடமே ரத்த ஆக்சிஜன் அளவு 85 விழுக்காட்டை ஒட்டி இறங்கியது, இதயத் துடிப்பு கூடியது. மதுவை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. மது ஊற்றும்போதே பக்கத்தில் ஒரு முழுக் குவளைத் தண்ணீரும் வைக்கலாமே என்றுதான் கேட்கிறேன். காபி, தேநீர் பற்றிப் பலர் பயமுறுத்துவார்கள். தினமும் குடித்துப் பழகியவர்களுக்கு அதுவும் நீர்க்கணக்கில் சேரும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பிறகுதான் அந்த நீண்ட இருட்டு. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய் விளக்கை அணைத்ததிலிருந்து, காலைச் சிற்றுண்டிக்கு விளக்குப் போடும் வரை ஆறு, ஏழு மணி நேரம். சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையே 18 மணி நேரத்துக்கும் மேல் பறக்கிற காலம் இது. அப்படிப்பட்ட பயணங்களில் இந்த இருட்டு எவ்வளவு நேரமோ. தெரிந்தவர்கள் எழுந்து பின்பக்கத்துக்குப் போய்க் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள். அங்கே தண்ணீர் எடுத்து வைத்திருப்பது அம்மாவுக்குத் தெரியாது. அறிவிப்பு வந்திருந்தாலும் அது அவருக்குப் புரியாத மொழியில் வந்திருக்கும். ஜன்னலோரத்திலிருந்து வெளியே வர இரண்டு பேரைத் தாண்ட வேண்டும். வயதானவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு: வயது ஏற ஏறத் தாக உணர்வே மங்கிவிடுகிறது. உடம்பில் நீர் குறைந்தாலும் மூளை அதை இளம் வயதில் சொல்வதுபோல் உரக்கச் சொல்வதில்லை. அம்மாவுக்கு வாய் காய்ந்தது தெரிந்திருக்கிறது. அதுகூடத் தெரியாமல் எத்தனை பேர் அந்த இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள்?

இப்படி வந்த ஒருவர் விடியும்போது சட்டென்று எழுந்து நின்றால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய மருத்துவ அறிவு தேவையில்லை. மணிக்கணக்கில் மடங்கிக் கிடந்த கால்களில் ரத்தம் தேங்கியிருக்கும். உடம்பில் நீர் குறைவு. கேபின் அழுத்தத்தால் ஆக்சிஜனும் தரையில் இருப்பதைவிடச் சற்றுக் குறைவு. மாத்திரை தன் பங்குக்கு அழுத்தத்தை இறக்கி வைத்திருக்கும். எழுந்த வேகத்துக்கு ரத்தம் தலைக்கு ஏறாது. ஐந்து விமான நிறுவனங்களின் விமானங்களில் 2008 முதல் 2010 வரை நேர்ந்த 11,920 மருத்துவ அவசரங்களை ஆராய்ந்த கட்டுரை 2013-இல் வெளியானது. அதில் முதலிடம் மயக்கத்துக்கும் மயக்கம் வரும் நிலைக்கும்தான்; 37 விழுக்காட்டுக்கும் சற்று மேல். மூச்சுக் கோளாறு அதற்கு வெகு பின்னால், 12 விழுக்காட்டில் நிற்கிறது. அந்த மயக்கமெல்லாம் தண்ணீர் குறைந்ததால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பயம், பசி, தூக்கமின்மை, இதயக் கோளாறு என்று காரணங்கள் பல. ஆனால் அத்தனை காரணங்களிலும் உங்கள் கையில் ஒரு குவளையால் சரிசெய்ய முடிவது இந்த ஒன்றுதான்.

காலில் ரத்தம் உறைவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் அந்த ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் சொன்னது. இரட்டிப்பானாலும் 6,000 பேரில் ஒருவர் என்ற அளவுதான். அதற்கு முதல் காரணம் அசையாமல் உட்கார்ந்திருப்பது. தண்ணீர் குடிப்பதாலேயே அதைத் தடுத்துவிடலாம் என்பது நிரூபணமான விஷயம் அல்ல. ஆனால் தண்ணீர் குடித்தவர் எழுந்துதான் ஆக வேண்டும். எழுந்தவர் நாலு எட்டு நடப்பார். எனக்கு அதுவே போதும்.

விமானத் தொட்டித் தண்ணீர் பற்றியும் உங்களிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும். பாட்டில் தண்ணீர் தீர்ந்தபின் தொட்டித் தண்ணீரைக் கொடுத்தால் பலர் குடிக்கத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் காரணமில்லாமல் வந்ததல்ல. 2004-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 327 விமானங்களின் தண்ணீரைப் பரிசோதித்தபோது 15 விழுக்காட்டு விமானங்களில் கோலிஃபார்ம் நுண்ணுயிர்கள் இருப்பது தெரிந்தது. அது நோய் வந்தே தீரும் என்பதன் அடையாளம் இல்லை. தொட்டியும் குழாயும் சுத்தமாக இல்லை என்பதற்கான எச்சரிக்கை. அதைத் தொடர்ந்து 2009-இல் அங்கே விமானக் குடிநீருக்கென்று தனி விதி வந்தது. மாதிரி எடுத்துச் சோதிக்கவும், குறிப்பிட்ட இடைவெளியில் தொட்டியைக் கிருமிநீக்கம் செய்து கழுவவும் அது கட்டாயப்படுத்துகிறது. உங்கள் தொட்டியை நீங்கள் எப்போது கழுவினீர்கள், கடைசிச் சோதனையில் என்ன வந்தது என்பதை இருக்கைத் திரையில் ஒரு வரியாகக் காட்டுங்கள். வரைபடம் காட்டுகிறீர்கள், வெளி வெப்பநிலை காட்டுகிறீர்கள். அதோடு இதையும் காட்டினால் நாங்கள் நம்பிக் குடிப்போம்.

இனி என் கோரிக்கை. அதே அமெரிக்காவில் 2010 முதல் இன்னொரு விதி நடப்பில் இருக்கிறது. புறப்படும் விமானம் வாயிலை விட்டு நகர்ந்து தரையிலேயே காத்துக் கிடந்தால், 2 மணி நேரத்துக்குள் பயணிகளுக்குத் தண்ணீரும் உண்ண ஏதாவதும் கொடுத்தாக வேண்டும். கழிவறை வேலை செய்தாக வேண்டும். தரையில் நிற்கும் விமானத்துக்குக் கடிகாரம் வைத்து எழுதியிருக்கிறார்கள். பறக்கும் விமானத்துக்கும் அதே கடிகாரத்தை உங்கள் சேவைக் கையேட்டில் நீங்களாகவே எழுதிக்கொள்ளுங்கள். விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர்த் தட்டு நடைபாதையில் வர வேண்டும். ஒன்றரை மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டாம். விழித்திருப்பவர் கண்ணில் தட்டு பட்டால் போதும், கை தானாக நீளும். ஜன்னலோரத்தில் முழித்துக் கிடக்கும் வயதானவரைப் பார்த்தால் பணியாளரே குவளையை நீட்டட்டும். சிலர் கேட்டால் வேண்டாம் என்பார்கள், நீட்டினால் வாங்கிக்கொள்வார்கள்.

இதைப் பல நிறுவனங்களில் நல்ல பணியாளர்கள் ஏற்கனவே செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நானே அப்படி வாங்கிக் குடித்திருக்கிறேன். ஆனால் அது அன்றைக்குப் பணியில் இருப்பவரின் மனசைப் பொறுத்ததாக இருக்கிறது. ஒரு விமானத்தில் நாலு தடவை வருகிறார்கள், இன்னொன்றில் ஒரு தடவையும் இல்லை. கையேட்டில் எழுதாத வரை அது அப்படித்தான் இருக்கும். எழுதும்போது அந்த நேரத்துக்கான ஆள்கணக்கையும் சேர்த்து எழுதுங்கள். இருக்கிற பணியாளர்களின் ஓய்வு நேரத்தைப் பிடுங்கி எங்களுக்குத் தண்ணீர் தர வேண்டாம். அவர்களும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள், அதுவும் நடந்துகொண்டே. அவர்கள் குடிக்க நேரம் இருக்கிறதா என்று யாராவது பார்க்கிறீர்களா?

எடை உங்களுக்குப் பெரிய விஷயம் என்பது புரிகிறது. ஆளுக்கு ஒரு லிட்டர் கூடுதலாக வைத்தால் 300 பேருக்கு 300 கிலோ. நெடுந்தூரம் பறக்கையில் ஒவ்வொரு கிலோவைச் சுமக்கவும் எரிபொருள் எரிகிறது. பிளாஸ்டிக் குப்பையும் சேரும். அதற்கு என்னிடம் ஒரு எளிய வழி இருக்கிறது. ஆளுக்கொரு சின்ன பாட்டில் கொடுக்க வேண்டாம். பயணச்சீட்டோடு அனுப்பும் குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் “காலி பாட்டில் கொண்டுவாருங்கள், சோதனையைத் தாண்டியதும் நிரப்பிக்கொள்ளுங்கள், விமானத்திலும் நிரப்பித் தருவோம்” என்று முதல் வரியாகப் போடுங்கள். பலர் தரையிலேயே நிரப்பிக்கொண்டு ஏறிவிடுவார்கள். பெரிய கேனிலிருந்து நிரப்பித் தருவதற்கான தண்ணீரை மட்டும் நீங்கள் கணக்குப் போட்டு ஏற்றினால் போதும். இப்போது சில விமானங்களில் பாட்டிலை நீட்டினால் தயங்குகிறார்கள். ஏற்றிய தண்ணீர் எல்லோருக்கும் போதாது என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்தோடு ஒரு பணியாளரை நிறுத்துவது நியாயமில்லை.

தண்ணீரை விலைக்கு விற்கும் நிறுவனங்களுக்குத் தனியாக ஒன்று. சாப்பாட்டை விற்கலாம், போர்வையை விற்கலாம், அதில் எனக்கு வருத்தம் இல்லை. வெளியே போய் வாங்கிக்கொள்ள முடியாத இடத்தில், பாதுகாப்புக்காகப் பயணியின் தண்ணீரை வாசலிலேயே கொட்டச் சொல்லிவிட்ட பிறகு, குடிநீரை விற்பது தவறு. கடன் அட்டை மட்டுமே வாங்குவோம் என்று சொல்லும் விமானத்தில், அட்டை இல்லாத ஒரு பாட்டி என்ன செய்வார்? அவர் செய்வது ஒன்றுதான்: குடிக்காமல் இருந்துவிடுவார்.

எல்லோருக்கும் வற்புறுத்திக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் குடிக்கக் கூடாது. லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகும். வேண்டாம் என்று சொல்கிறவரை விட்டுவிடுங்கள். வேண்டும் என்று வாய் திறக்காதவரைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

கழிவறையைப் பற்றிப் பேசாமல் தண்ணீரைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அம்மா தண்ணீருக்குப் பயந்து குடிக்காமல் இல்லை. எழுந்து போவதற்குப் பயந்துதான் குடிக்கவில்லை. அறுபது வயதைத் தாண்டிய பயணி தனியாக வருகிறார் என்பது முன்பதிவிலேயே உங்களுக்குத் தெரியும். அவருக்கு நடைபாதை ஓர இருக்கையைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் ஒதுக்கிக் கொடுங்கள். கர்ப்பிணிகளுக்கும், சர்க்கரை நோயாளிகளுக்கும், சிறுநீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கேட்டால் கொடுங்கள். அழைப்புப் பொத்தானை இரவில் சத்தமில்லாமல் விளக்கு மட்டும் எரியும்படி மாற்றுவது உங்கள் பொறியாளர்களுக்குப் பெரிய வேலையாக இருக்காது. அதோடு, புறப்படும் முன் காட்டும் பாதுகாப்புப் படத்தில் ஒரு வரி சேருங்கள், அந்த வழித்தடத்தில் பயணிகள் பேசும் மொழிகளிலெல்லாம்: “இரவு முழுவதும் தண்ணீர் வரும். பக்கத்தில் இருப்பவரை எழுப்பி வெளியே போகலாம், தவறில்லை.” அந்த அனுமதியை யாராவது ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் அம்மாவிடம் அதை நான் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார். விமானம் சொன்னால் கேட்டிருப்பார்.

நாங்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது, அதை உங்கள் தலையில் கட்டவில்லை. புறப்படும் நாளன்று காலையிலிருந்தே வழக்கம்போல் குடிப்பது, ஒரே மூச்சில் குடிக்காமல் அவ்வப்போது ரெண்டு மடக்குக் குடிப்பது, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் போதவில்லை என்று புரிந்துகொள்வது, எழுந்திருக்கும் முன் காலை ஆட்டி ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுவது, மாத்திரையைப் பயண நாளில் எப்படிச் சாப்பிடுவது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுவைப்பது. இதையெல்லாம் அம்மாவுக்கு இப்போது சொல்லிக் கொடுத்திருக்கிறேன். திரும்பிப் போகும் பயணத்துக்கு நடைபாதை ஓர இருக்கை வாங்கியாகிவிட்டது. ஒரு காலி பாட்டிலும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “இதைக் கொண்டுபோய் நீட்டினா ஏதாவது நெனச்சுக்குவாங்களா?”

ஒன்றும் நினைக்க மாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன். உங்களை நம்பித்தான் சொன்னேன்.

அடுத்த மாதம் 14-ஆம் தேதி இரவு விமானம். அதற்குள் கையேடு மாறாது என்று தெரியும். அன்றைக்குப் பணியில் இருப்பவர்களுக்கு ஒரு சுற்றறிக்கையாவது அனுப்ப முடியுமா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் விமானத்தில் வரப்போகும் ஒரு பயணியின் மகள்